புகை என்ன நிறம்?

பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கொட்டகைத் தாழ்ப்பாள் கையுறையைக் கவ்விக்கொண்டு
விடமாட்டேன் என்கிறது.
உள்ளே நீல நிற பெலாரூஸ்,
நாற்பது வயது, நேற்றுவரை நல்ல பிள்ளை.

சாவியைத் திருப்பினேன்.
ஒரு முனகல். இன்னொரு முனகல்.
பிறகு, பேச்சை முடித்துக்கொண்டவர் போல
ஒரே ஒரு 'டக்'.

வேலிக்கு அப்பால் பதினேழு மாடுகள்.
அவற்றின் புல் கட்டுகள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி
பனிக்கு அடியில்.
கணவன் ரயில்வே ஷிப்டில், கோஸ்தானாயில்.
"பாட்டரியைப் பார் பாகிலா," என்கிறான் போனில்.
பார்க்காமலா?
ராத்திரி முழுக்க அது அடுப்புக்குப் பக்கத்தில்
பூனையோடு படுத்துக்கிடந்தது.
முனைகளில் பூத்திருந்த பச்சை உப்பைச் சுரண்டினேன்.
எர்த் கம்பி சேஸிஸைத் தொடும் இடத்தில்
பெயிண்டும் துருவும் போய்
ஒரு விரல் அகலம் இரும்பு மின்னும்வரை தேய்த்தேன்.

ஆயில் டிப்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு
சொட்ட மறுத்தது.
தகரத் தட்டில் கரியைக் கனியவைத்து
ஆயில் தொட்டிக்கு அடியில் தள்ளினேன்.
ஒரு கண் கரி மேல்,
ஒரு கண் மூலையிலிருந்த வைக்கோல் மேல்,
நாற்பது நிமிடம்.
ஹீட்டரின் சுருள் சிவந்ததும் மறுபடி சாவி.
இப்போது சுற்றியது. நன்றாகவே சுற்றியது.
பற்றத்தான் இல்லை.

அப்போதுதான் வேலியோரம் ஓராஸ்பெக்.
இரண்டு குளிர்காலமாக எங்களுக்குள் பேச்சில்லை.
காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்,
ஒரு ஸ்பேனர்.
கொடுத்தேன் என்றேன் நான்,
வாங்கவே இல்லை என்றான் அவன்,
அதோடு கல்யாண விருந்துகளில்கூட
ஆளுக்கொரு மூலை.

சலாம் இல்லை. சௌக்கியமா இல்லை.
"புகை என்ன நிறம்?" என்றான்.
"புகையே இல்லை."

வெள்ளையாய் வந்தால்
டீசல் போகிறது, சூடுதான் போதவில்லை.
ஒன்றுமே வராவிட்டால் டீசலே போகவில்லை.
எனக்கும் தெரிந்ததுதான்.
இன்னொருவர் கேட்டபிறகுதான்
அது தெரிந்த மாதிரி இருந்தது.

டாங்க்கில் டார்ச் அடித்தோம்.
கலங்கல். மெழுகு மெழுகாய், புளித்த பால் போல.
ஆகஸ்டில் மலிவாக வாங்கிய கோடை டீசல்.
அந்தக் கஞ்சத்தனம் என்னுடையது,
ரயில்வேக்காரன் மேல் போட வழியில்லை.

மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றினோம்.
ஃபில்டருக்குப் பழைய போர்வைத் துண்டைச் சுற்றி
கெட்டில் கெட்டிலாக வெந்நீர்.
மெழுகு இளகிவிட்டது. ஆனால்
குழாயில் காற்று உட்கார்ந்திருக்குமே,
நட்டைத் தளர்த்தினால்தான் கிளம்பும்.
"பத்தொன்பது," என்றேன், யாரையும் பார்க்காமல்.
என் பெட்டியில் பதினேழு உண்டு,
இருபத்திரண்டு உண்டு.
நடுவே, விழுந்த பல்லின் இடம்.

அவன் தன் பையைத் திறந்தான்.

பிடியில் மூன்று வெல்டிங் புள்ளிகள்.
நானே வைத்தவை.

அவன் பம்பைப் பார்த்தான்.
நானும் பம்பைப் பார்த்தேன்.
பம்பு, பாவம், எங்கே பார்க்கும்.

அரைச் சுற்று தளர்த்தினான்.
கைப்பம்பை அழுத்தினேன்.
நுரை. நுரை. எச்சில் போல நுரை.
பிறகு குமிழே இல்லாத டீசல்
அவன் மணிக்கட்டு வழியே சட்டைக்குள் ஓடியது.
"போதும்," என்றான். இறுக்கினான்.

முதல் திருப்பில் வெள்ளைப் புகை, ஒரு தும்மல், மௌனம்.
இரண்டாவதில் ஒரு சிலிண்டர் விழித்தது,
அது பக்கத்திலிருந்ததை எழுப்பியது,
மூன்றாவது யோசித்தது,
நான்காவது திட்டிக்கொண்டே வந்தது.
கொட்டகை முழுக்க அதிர
மாடுகள் பதினேழும் தலை தூக்கின.
புகை வெள்ளையிலிருந்து சாம்பலாகி
சாம்பலிலிருந்து ஒன்றுமில்லாமல் போனது.

ஓராஸ்பெக் ஸ்பேனரைத் துணியால் துடைத்தான்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
புள்ளிகளின் மேல் கொஞ்சம் கூடுதல் நேரம்.
தன் பையிலேயே போட்டுக்கொண்டான்.

"நாளைக்கும் இதே குளிர்தான்," என்றான்.
"பாட்டரியை உள்ளே எடுத்து வை.
ஏழு மணிக்கு வருகிறேன்."

இஞ்சின் சத்தத்தில் சரியாகக் கேட்காதவள் போல
தலையை ஆட்டினேன்.